அன்பா, ஆவேசமா?

"பேய்ப் படங்களைப் பற்றி ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒளிப்பானேன்? நாங்கள் பேய்ப் படம் பார்ப்பவர்கள்தாம். பொங்கல் விடுமுறையில் தொலைக்காட்சியில் ‘சந்திரமுகி’ வந்தால், அது பத்தாவது முறையே ஆனாலும், பாட்டியின் முந்தானையில் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு பார்க்கிறோம். விடுமுறை முடிந்து பள்ளிக்கு வந்தால் அதே கதைதான். நடைத்தாழ்வாரத்தில் ஒருத்தி கண்ணை உருட்டுவாள். மற்றவர்கள் கத்திக்கொண்டு ஓடுவோம்.

இவ்வாண்டு எங்கள் வகுப்பு இலக்கிய மன்றத்தில், "திகில் படங்களில் நாம் காண்பது காதலா, வெறியா?" என்று ஒரு பட்டிமன்றம் நடத்தினோம். அது சிரிப்பும் கைதட்டலுமாகத் தொடங்கியது. முடிந்தபோது எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம். அன்று பேசியவையும், பேசாமல் விட்டவையும் சேர்ந்ததே இக்கட்டுரை.

எந்தப் பேய்க்கு அஞ்சுவது?

‘சந்திரமுகி’ 2005-ஆம் ஆண்டு வெளிவந்தது. 1993-இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளப் படமே அதற்கு மூலம். மலையாளத்தில் அந்த நாட்டியக்காரியின் பெயர் நாகவல்லி. நம் தஞ்சாவூரிலிருந்து கொண்டு செல்லப்பட்டவள். பெயரும் ஊரும் மாறினாலும் கதை ஒன்றே. அதிகாரம் படைத்த ஒருவன் ஒரு கலைமகளை விரும்புகிறான். அவள் மனமோ வேறொருவனிடம் இருக்கிறது. மறுத்த குற்றத்துக்காக அவள் கொல்லப்படுகிறாள். பிறகு அவள் ஆவியாக அலைகிறாள் என்று ஊர் சொல்கிறது.

இங்கே எங்கள் தோழி ஒருத்தி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்: "சலங்கைச் சத்தம் கேட்டால் நாம் நடுங்குகிறோம். ஆனால் உயிரோடு ஒரு பெண்ணை எரித்த வேட்டையன் திரையில் வரும்போது ஏன் கைதட்டுகிறோம்?"

ஆம்! நாம் அஞ்ச வேண்டியது சந்திரமுகிக்கா, வேட்டையனுக்கா? அநீதி இழைக்கப்பட்டவளைப் பேயாக்கிவிட்டு, இழைத்தவனை மகாராஜா என்று அழைப்பது எந்த நியாயம்? அந்தப் படத்தில் பிடித்திருப்பது பேயன்று, மனநோய் என்பதையும், அதற்கு வேண்டியது வேப்பிலையடி அன்று, மருத்துவம் என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். அது நல்லதே. ஆயினும் வேட்டையனுக்குப் பிடித்திருந்த நோய்க்கு என்ன பெயர் என்று எவரும் கேட்கவில்லை. அவனுடைய நோய், "நான் விரும்பிவிட்டேன், ஆகவே அவள் எனக்குரியவள்" என்னும் எண்ணமே.

இசையை நிறுத்திப் பாருங்கள்

பட்டிமன்றத்தில் ஓர் அணி வைத்த வாதம் எங்களைச் சிந்திக்க வைத்தது. திகில் படத்தில் ஒருவன் ஒரு பெண்ணைப் பின்தொடர்கிறான். அவள் வீட்டுக்கு எதிரே நாள்தோறும் நிற்கிறான். அவள் "வேண்டாம்" என்று சொன்னால் சிரிக்கிறான். நமக்கு உடல் சிலிர்க்கிறது. காதல் படத்தில் கதாநாயகனும் இதையே செய்கிறான். பின்தொடர்கிறான், எதிரே நிற்கிறான், "வேண்டாம்" என்றால் சிரிக்கிறான். நாம் விசிலடிக்கிறோம். வேறுபாடு எங்கே இருக்கிறது? ஒன்றில் பின்னணியில் தடதடவென்று மேளம், மற்றொன்றில் புல்லாங்குழல். அவ்வளவே!

தோழியரே, அடுத்த முறை ஒரு காதல் படம் பார்க்கும்போது ஒலியை மட்டும் சிறிது நேரம் நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள். அவள் மகிழ்கிறாளா, மிரள்கிறாளா என்பது தெரிந்துவிடும்.

பாலு மகேந்திரா 1980-இல் ‘மூடுபனி’ என்ற படத்தை எடுத்தார். மனம் சிதைந்த இளைஞன் ஒருவன் ஒரு பெண்ணைத் தூக்கிச் சென்று வீட்டில் அடைத்துவைத்து, தன்னை மணக்கும்படி வேண்டுகிறான். அவன் குழந்தைப் பருவத்துத் துன்பத்தை அறியும்போது நமக்கு இரக்கம் பிறக்கிறது. ஆனால் கதவு பூட்டியிருக்கிறது என்பதை அப்படம் நம்மை மறக்க விடுவதில்லை. இந்த வகையில் பல காதல் படங்களைவிட ஒரு நல்ல திகில் படமே உண்மை பேசுகிறது என்பது எங்கள் கருத்து. பூட்டிய கதவைப் பூட்டிய கதவாகவே அது காட்டுகிறது.

இரக்கம் வேறு, கடன் வேறு

அமெரிக்காவில் 1935-இல் ‘பிராங்கன்ஸ்டைனின் மணமகள்’ என்றொரு படம் வந்தது. பிணங்களின் உறுப்புகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட ஒரு மனிதன் தனிமையில் வாடுகிறான். அவனுக்குத் துணையாக ஒரு பெண்ணையும் அவ்வாறே உருவாக்குகிறார்கள். அவள் கண் விழிக்கிறாள், அவனைப் பார்க்கிறாள், அலறுகிறாள். அவளை அவனுக்காகவே செய்தார்கள். ஆனால் அவளை ஒருவரும் கேட்கவில்லை. கண் விழித்த கணமே அவளுக்கென்று ஒரு மனம் இருந்தது! அதைச் செய்தவர்களும் எதிர்பார்க்கவில்லை.

அந்தத் தனிமையாளனைப் பார்த்தால் நெஞ்சு உருகாமல் இராது. ஆயினும் ஒருவருடைய துன்பம் எவ்வளவு பெரிதாயினும், அதைத் தீர்க்கும் மருந்தாக இன்னொருவரின் வாழ்வைக் கேட்க முடியுமா? ‘காதல் கொண்டேன்’ (2003) படத்தின் வினோத்தைப் பார்த்து எங்களில் பலர் அழுதிருக்கிறோம். அழுவது தவறன்று. ஆனால் திவ்யாவின் நட்பை அவன் கடனாக நினைத்துக்கொண்டான் என்பதையும் கண்ணீரைத் துடைத்த பிறகு சொல்லத்தான் வேண்டும்.

இரக்கம் நாம் மனமுவந்து கொடுப்பது. கடன் மற்றவர் வசூலிப்பது. "நீ இல்லாவிட்டால் செத்துவிடுவேன்" என்று ஒருவன் சொன்னால், அவன் அன்பைக் கேட்கவில்லை. நம் தலையில் ஒரு கொலைப்பழியைத் தூக்கி வைக்கிறான்.

தேளும் வெட்டுக்கிளியும்

பிரெஞ்சு எழுத்தாளர் கஸ்தோன் லெரூ எழுதிய ‘ஓபராவின் பேய்’ என்ற நாவலை 1925-இல் லான் சேனி நடிக்க மௌனப் படமாக எடுத்தார்கள். பாரிஸ் நகரத்து இசையரங்கின் அடியில் ஒளிந்து வாழும் விகார முகத்தோன் ஒருவன், பாடகி கிறிஸ்டீனை விரும்பிக் கவர்ந்து செல்கிறான். அவள் முன் இரண்டு உருவங்களை வைக்கிறான். ஒன்று தேள், மற்றொன்று வெட்டுக்கிளி. தேளைத் திருப்பினால் அவனை மணக்கச் சம்மதம். வெட்டுக்கிளியைத் திருப்பினால் அரங்கம் முழுவதும் வெடித்துச் சிதறும். "நீயே தேர்ந்துகொள்" என்கிறான்.

பார்த்தால் அவளுக்கு உரிமை கொடுத்தது போலத்தான் தோன்றுகிறது. ஆனால் "இல்லை" என்று சொல்ல முடியாத இடத்தில் சொல்லப்படும் "ஆம்", ஆம் ஆகுமா? நாவலின் முடிவில் அவள் காட்டிய இரக்கத்தால் அவன் மனம் உடைந்து, அவளை விடுவித்து, அவள் விரும்பியவனோடு அனுப்பிவிடுகிறான். அதுவரை பேயாக இருந்தவன் அந்த ஒரு செயலால் மனிதனாகிறான்.

நம் நாட்டுக் கதைகளில் இதே வேலையை வசிய மருந்து செய்கிறது. மையும் மந்திரமும் இடுமருந்தும் கொடுத்து மனத்தைத் திருப்பலாம் என்று நம்பி ஏமாறுவோர் இன்றும் உண்டு. மருந்தினால் ஒருத்தி திரும்பினாள் என்றே வைத்துக்கொள்வோம். திரும்பியவள் அவளா, மருந்தா? அன்பைக் கேட்டவனுக்கு அங்கே கிடைப்பது ஒரு பொம்மைதான்.

குகையில் சொன்ன சம்மதம்

‘குணா’ (1991) பேய்ப் படம் அன்று. எனினும் எங்கள் பட்டிமன்றத்தில் மிகச் சூடான வாதம் அதைப் பற்றியே நடந்தது. 2024-இல் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்துக்குப் பின் கொடைக்கானல் குணா குகையை அறியாதவர் இல்லை. மனநிலை பிறழ்ந்த குணா ஒரு பெண்ணைக் கவர்ந்து சென்று, அவளுக்கு அபிராமி என்று தானே பெயரிட்டு, அக்குகையில் வைக்கிறான். முதலில் வெறுத்தவள் பின்னர் மனம் இளகுகிறாள். "பார்த்தீர்களா, அவளே விரும்பிவிட்டாள்!" என்றது ஓர் அணி.

அப்போது நடுவராக இருந்த சகோதரி ஒரு செய்தி சொன்னார்கள். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1089-ஆம் எண் சட்டம் ஒன்று உண்டு. மணக்கும் நோக்கத்தோடு கடத்திச் செல்லப்பட்ட அல்லது அடைத்துவைக்கப்பட்ட பெண்ணுக்கும், அவளை அவ்வாறு செய்தவனுக்கும் திருமணம் செல்லாது. அவள் அவனிடமிருந்து பிரிக்கப்பட்டு, பாதுகாப்பான, சுதந்திரமான இடத்தில் நின்று, தானாகவே அவனைத் தேர்ந்துகொண்டால் மட்டுமே செல்லும். அச்சத்தாலோ கட்டாயத்தாலோ பெற்ற சம்மதமும் செல்லாது என்கிறது 1103-ஆம் எண்.

எவ்வளவு நுட்பமான சட்டம்! "அவள் சம்மதித்தாளா?" என்று கேட்பதோடு அது நிற்கவில்லை, "எங்கே நின்று சம்மதித்தாள்?" என்றும் கேட்கிறது. குகைக்குள் சொன்ன "ஆம்" போதாது. வெளியே வந்து, வெயிலில் நின்று, போக வழி இருந்தும் போகாமல் சொல்ல வேண்டும். திருமணத் திருப்பலியில் குருவானவர் மணமக்களைப் பார்த்து, எவருடைய கட்டாயமும் இன்றி முழு மனத்தோடு வந்திருக்கிறீர்களா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்பது வெறும் சடங்கன்று என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

நாசரேத்தில் காத்திருந்த தூதர்

நண்பகல் மணி அடித்ததும் நாம் மூவேளைச் செபம் சொல்கிறோம். பழக்கத்தால் சொல்லிவிடுகிறோம். அதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். எல்லாம் வல்ல இறைவன் ஒரு சிற்றூர்ப் பெண்ணிடம் தூதர் ஒருவரை அனுப்புகிறார். அவள் கலங்குகிறாள், கேள்வி கேட்கிறாள். தூதர் சினக்கவில்லை; விளக்கம் சொல்கிறார். அவள் "ஆகட்டும்" என்று சொன்ன பிறகே போகிறார். வானமும் பூமியும் அவளுடைய ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தன என்ற கருத்தில் புனித பெர்நார்து பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரசங்கம் செய்திருக்கிறார்.

பேய் காத்திருப்பதில்லை, பிடிக்கிறது. இறைவன் பிடிப்பதில்லை, காத்திருக்கிறார். அன்புக்கும் ஆவேசத்துக்கும் உள்ள வேற்றுமையை இதைவிடத் தெளிவாக எங்களால் சொல்ல முடியவில்லை.

நற்செய்தியில் செல்வனான இளைஞன் ஒருவன் வருகிறான். இயேசு அவனை அன்போடு நோக்கினார் என்று மாற்கு எழுதுகிறார். ஆனால் அவன் அழைப்பை ஏற்காமல் வருத்தத்தோடு போய்விட்டான். இயேசு அவனைத் துரத்தவில்லை, மிரட்டவில்லை, அவன் வீட்டு வாசலில் போய் நிற்கவுமில்லை. அன்பு செய்தார், போகவும் விட்டார். மனிதனுக்கு மனச்சுதந்திரத்தைக் கொடுத்தவரே அதை மதிக்கிறார் என்றால், தெருமுனையில் நிற்கும் ஒருவனுக்கு அதை மிதிக்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

மறுப்பதற்கான உரிமையைத் தன் உயிரால் காத்த மரிய கொரற்றியை நாம் அறிவோம். 1902 ஜூலையில், பதினொரு வயதில், இசைய மறுத்ததற்காகக் குத்தப்பட்டு மாண்டாள், 1950-இல் புனிதையானாள். ஆனால் அவள் மரித்ததை மட்டும் எண்ணி, இத்தகைய கொடுமைக்கு ஆளாகி உயிர் பிழைத்த பெண்களை ஒரு படி கீழே வைப்பது பெரும் பிழை. குற்றம் செய்தவன் எவனோ அவனுக்கே வெட்கம், அவளுக்கு அன்று.

எங்கள் ஊர்க் கோட்டை சொல்வது

செஞ்சியில் பிறந்த எங்களுக்குக் கோட்டை என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளும் ஜன்னலில் தெரிய வளர்ந்தவர்கள் நாங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம் பெற்ற ஒரே கோட்டை நம்முடையதுதான்.

1690-இல் முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் இராஜாராம். முற்றுகை விட்டும் தொடர்ந்தும் 1698 வரை நீடித்தது. எட்டு ஆண்டுகள்! அதை வரலாற்று ஆசிரியர் யாரும் அன்பு என்று எழுதவில்லை. போர் என்றே எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் மனத்தைக் "கோட்டை" என்றும், அவளை இணங்கவைப்பதைக் "கோட்டையைப் பிடித்துவிட்டான்" என்றும் பேசுகிறோமே, அது எவ்வளவு பொருத்தமான பேச்சு, எவ்வளவு கொடிய பேச்சு! எத்தனை ஆண்டு சுற்றி நின்றாலும் முற்றுகை முற்றுகைதான்.

இராஜகிரி உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கும் இடத்தில் ஒரு பாலம் உண்டு. அதைக் கடந்தால்தான் உச்சிக் கோட்டை. ஒவ்வொருவர் மனத்துக்கும் முன்னால் அப்படி ஒரு பாலம் இருக்கிறது. அதைப் போடுவதும் எடுப்பதும் உள்ளிருப்பவரின் உரிமை.

இதே ஊரில் இன்னொரு கதையும் உண்டு. 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருது தேசிங்கு ராஜன் வீழ்ந்தான். அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே இராணிப்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்பர். கூத்திலும் பாட்டிலும் அதைக் காதலின் சிகரமாகக் கேட்டு வளர்ந்தோம். இன்று கேட்கத் தோன்றுகிறது: சிதையைச் சுற்றி ஊரும் உறவும் நிற்கும்போது, "மாட்டேன்" என்று சொல்ல ஓர் இளம்பெண்ணுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? அந்த இடம் இல்லாதபோது அதைக் காதல் என்று நாம் எப்படிப் பெயரிடுவது? உடன்கட்டை 1829-இல் வங்காளத்திலும், அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்திலும் தடை செய்யப்பட்டது. அதைப் புகழ்ந்து கொண்டாடுவதையும் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அந்த அரசிக்காக நாங்கள் வருந்துகிறோம். அந்தத் தீயை வணங்க மாட்டோம்.

நாங்கள் செய்த பிழை

இப்போது, பட்டிமன்றம் முடிந்தபோது ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்களுள் ஒருத்தி நாள்தோறும் பேருந்தில் வருபவள். சில மாதங்களுக்கு முன் ஒருவன் அந்தப் பேருந்தின் பின்னாலேயே இரு சக்கர வண்டியில் வரத் தொடங்கினான். பிறகு கடிதம் வந்தது. பிறகு தன் கையில் பிளேடால் அவள் பெயரைக் கீறி, அதைப் படம் பிடித்து அனுப்பினான். அவள் எங்களிடம் அதைக் காட்டினாள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? "அடியேய், உன்மேல் எவ்வளவு உயிராய் இருக்கிறான்!" என்றோம். அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தோம். அவன் நிற்கும் இடம் வந்தால் அவளை இடித்துக் காட்டிச் சிரித்தோம். அவள் சிரித்தாளா என்று பார்க்கவில்லை. மாலை வகுப்புக்கு வருவதை அவள் நிறுத்தியபோதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

பட்டிமன்றத்தின் முடிவில் அவள் எழுந்தாள். "ஏழெட்டு வாரமாக எனக்குத் தூக்கமில்லை. நீங்கள் எல்லாரும் சேர்ந்து புல்லாங்குழல் வாசித்தீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தாள்.

அன்றே சகோதரியிடம் சொன்னோம். அவளுடைய பெற்றோரை அழைத்துப் பேசினார்கள். இன்று அவள் எல்லா வகுப்புக்கும் வருகிறாள். இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் படித்துக் காட்டினோம். "போடுங்கள்" என்றாள்.

நாங்கள் தப்பித்தோம், எல்லாரும் தப்புவதில்லை. 2012 நவம்பரில் காரைக்காலில், மறுத்த குற்றத்துக்காக இளம் பொறியாளர் ஒருவர் மீது அமிலம் வீசப்பட்டது. மூன்று மாதத்தில் அவர் இறந்தார். 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருவர் ஓடும் ரயிலின் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். இவை திரைப்படங்கள் அல்ல.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

எங்கள் தோழி ஏன் இத்தனை நாள் வீட்டில் சொல்லவில்லை? அவனுக்கு அஞ்சியா? இல்லை. "சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள், சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிடுவார்கள்" என்று உங்களுக்கு அஞ்சித்தான்! பின்தொடர்ந்தவன் ஊரில் உலவுவான். பின்தொடரப்பட்டவள் வீட்டில் அடைக்கப்படுவாள். இது வேட்டையனை விட்டுவிட்டுச் சந்திரமுகியை அறையில் பூட்டுவது போல் அல்லவா?

ஆவேசம் காதலரை மட்டும் பிடிப்பதன்று. ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) படத்தில் குலப்பெருமை பிடித்த ஜமீன்தார்த் தந்தை, தன் மகன் விரும்பிய ஏழைப் பெண்ணைச் சுடத் துணிகிறார். அங்கே பேய் பிடித்திருப்பது தந்தையையே. "உன் நன்மைக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டு பெண்ணின் மனத்தைக் கேளாமலே மாலை மாற்றவைப்பதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. உங்கள் அறிவுரை எங்களுக்கு வேண்டும். உங்கள் அனுபவம் வேண்டும். கூடவே, எங்களைக் கேட்கவும் வேண்டும்.

தோழியருக்கும் ஒரு சொல். நம் மனமும் வெறி கொள்ளக் கூடியதே. ஒருவர் பதில் எழுதவில்லை என்று இரவெல்லாம் கைப்பேசியைப் பார்த்துக் கிடப்பதும், "எனக்கில்லாத தோழி யாருக்கும் வேண்டாம்" என்று முறுக்கிக்கொள்வதும் அதன் சிறு விதைகள். நமக்கு வேண்டிய சுதந்திரத்தை நாமும் பிறருக்குக் கொடுப்போம்.

விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பின்னும் ஒரு பெண்ணைத் தொடர்ந்து பின்தொடர்வதும், இணையத்தில் அவளைக் கண்காணிப்பதும் 2013 முதல் சட்டப்படி தனிக் குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற எண்களில் உதவி கேட்கலாம். ஆனால் அந்த எண்களுக்கும் முன்னால் வர வேண்டியது, "சொல்லு, நாங்கள் இருக்கிறோம்" என்னும் ஒரு குரல்.

இனியும் நாங்கள் பேய்ப் படம் பார்ப்போம். முந்தானைக்குள் முகத்தையும் புதைப்போம். ஆனால் பின்தொடரப்படும் ஒரு தோழியைப் பார்த்து இனி ஒருநாளும் சிரிக்க மாட்டோம். அவளுக்கு இருக்கை பிடித்துவைப்போம். அவள் பக்கத்தில் அமர்வோம். அவள் இறங்கும் வரை கூடவே வருவோம்.